புகைபோக்கி இல்லாத பேக்கரி

எங்கட பக்கத்தில இப்ப புதுசாத் திறக்கிற பேக்கரிகளுக்குப் புகைபோக்கி இல்லை. உருத்திரபுரத்திலிருந்து கிளிநொச்சி ரவுணுக்குப் போகிற வழியில் இதைக் கவனித்தபிறகுதான் இந்தக் கட்டுரையை எழுத யோசித்தோம். பழைய பேக்கரி என்றால் பின்பக்கம் செங்கல்லால் கட்டிய ஒரு திமில், அதுக்கு மேலே கரி பிடிச்ச புகைபோக்கி, சுவரோரம் அடுக்கின விறகு. புதிய பேக்கரியில் ஆள் உயர இரும்புப் பெட்டி ஒன்று. கதவுக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் மேலேயும் கீழேயும் கம்பிகள் மங்கிய சிவப்பில் எரியும். சாம்பலும் இல்லை, புகையும் இல்லை.

"விறகுப் போறணைப் பாண் மாதிரி வராது" என்று பெரியாக்கள் சொல்லுவினம். எங்கட வயசுக்காரர் அதைக் கேட்டுச் சிரிப்பினம். எது சரி என்று தேடப் போனோம். ருசியை விடப் பெரிய கேள்வி ஒன்றில் வந்து நின்றோம்.

முதலில் சொற்கள். 'பாண்' போர்த்துக்கேயரின் சொல், 'போறணை'யும் அவர்கள் அடுப்புக்குச் சொன்ன 'போர்னோ'விலிருந்து வந்ததுதான். சிங்களத்திலும் இதே இரண்டு சொற்களும் கொஞ்சம் திரிந்து வழங்குகின்றன. 1505இல் இலங்கைக்கு வந்து, 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியவர்கள் போய்விட்டார்கள். அவர்களின் அடுப்பு நின்றுவிட்டது. புலிகளின் நிர்வாகக் காலத்தில் வன்னியில் பேக்கரிப் பெயர்ப்பலகைகள் 'வெதுப்பகம்' ஆகின. ஆனால் வாயில் இருந்தது பாண்தான், போறணைதான்.

இவ்வளவு பழைய சொல் என்றாலும், பாண் ஏழை எளியதுகளின் காலைச் சாப்பாடானது மிகவும் பிந்தித்தான். இலங்கையில் கோதுமை விளைவதில்லை. இரண்டாம் உலகப்போரில், 1942இல், யப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அந்த இடத்தை நிரப்ப வந்தது கோதுமை மா. போர் முடிந்தபிறகும் மா போகவில்லை. பிறகு திருகோணமலை சீனக்குடாவில் பிரிமா மாவாலையும் வந்தது. இரணைமடுத் தண்ணியில் நெல் விளைவிக்கிற எங்கட ஊரிலும் விடியப்புறம் பாணும் சம்பலும் என்றானது இப்படித்தான். ஆக, மாவு எப்போதும் வெளியிலிருந்து வந்தது. நெருப்பு மட்டும்தான் ஊருடையது.

அந்த நெருப்பு வேலை செய்கிற விதத்தைப் பார்ப்போம். போறணைக்குள்ளேயே விறகை அடுக்கி மணிக்கணக்கில் எரிப்பார்கள். செங்கல் கூரையும் தளமும் சூட்டைக் குடித்துக்கொள்ளும். பிறகு தணலையும் சாம்பலையும் இழுத்து வெளியே எடுத்து, ஈரச்சாக்கால் தளத்தைத் துடைத்து, நீளப் பிடி போட்ட பலகையால் மாவை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவார்கள். இங்கே ஒரு விசயத்தைக் கவனியுங்கோ: பாண் வேகிற நேரத்தில் உள்ளே நெருப்பே இல்லை. அப்ப பாணை வேகவைக்கிறது எது?

பள்ளிக்கூடத்தில் படித்த மூன்றும்தான்: கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல். தளத்தைத் தொடுகிற அடிப்பக்கம் கடத்தலால் வேகிறது. உள்ளே சுற்றுகிற சூடான காற்று கொஞ்சம் கொடுக்கிறது. ஆனால் காற்று அசையாமல் அடைபட்ட போறணையில் பாணின் மேற்பக்கத்துக்குப் போகிற சூட்டில் பெரும்பங்கு கூரைச் செங்கல் வீசுகிற கண்ணுக்குத் தெரியாத கதிர். அதுதான் செங்கீழ்க் கதிர். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் அகச்சிவப்பு என்பார்கள்.

அந்தக் கதிரை 1800இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹேர்ஷல் கண்டுபிடித்தார். அரியத்தால் வெயிலை நிறங்களாகப் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்துப் பார்த்தவர், சிவப்புக்கு அப்பால், ஒரு நிறமும் இல்லாத இடத்தில் வெப்பமானி இன்னும் ஏறுவதைக் கண்டார். பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கியது 1803இல். அந்தக் காலத்து ஆராய்ச்சி இது. ஆனால் ஹேர்ஷலுக்கு முன்னமே இந்தக் கதிரை நம்பிப் பிழைத்தவர்கள் போறணைக்காரர். பெயர் மட்டும்தான் அவர்களிடம் இருக்கவில்லை.

இனி புதுப் பெட்டிக்கு வருவோம். 1906இல் அமெரிக்கர் அல்பேர்ட் மார்ஷ் நிக்கலும் குரோமியமும் கலந்த 'நிக்குரோம்' கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். செக்கச் சிவக்கச் சூடானாலும் இலேசில் எரிந்து போகாத கம்பி அது. மின்னடுப்பு, ரோஸ்டர் எல்லாம் அதன் பிள்ளைகள். 1930களில் போர்ட் கார்த் தொழிற்சாலை, பெயின்ற் காயவைக்கச் செங்கீழ்க் கதிர் விளக்குகளைப் பாவித்தது. தொழிற்சாலைக்குள் போன அந்த வெப்பம் பின்னர் பிஸ்கற்றுக்கும் பாணுக்கும் வந்தது. இன்று பேக்கரிகளில் இருப்பது உலோக உறைக்குள் அல்லது குவார்ட்ஸ் குழாய்க்குள் வைத்த எலிமென்ற்.

செங்கல்லும் எலிமென்றும் வீசுவது ஒரே வகைக் கதிர், அளவு மட்டும்தான் வேறு. ஒரு பொருள் வீசும் கதிர், அதன் தனிவெப்பநிலையின் நாலாம் அடுக்கோடு ஏறும். 250 பாகை செல்சியஸ் செங்கல்லையும் 800 பாகை எலிமென்றையும் ஒப்பிட்டால், ஒரே பரப்பிலிருந்து எலிமென்ற் 17 மடங்குக்கும் மேலாக வீசும். சூடு கூடக்கூடக் கதிரின் அலைநீளமும் குறையும். செங்கல்லில் உச்சம் ஏறத்தாழ 5.5 மைக்குரோமீற்றர், எலிமென்றில் 2.7. தண்ணீர் மிக நன்றாக உறிஞ்சுவது 3 மைக்குரோமீற்றர் பக்கத்தில். ஆகவே ஈரமாவின் மேற்பரப்பு அந்தக் கதிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பெரியாக்களின் குறையும் இங்கேதான் விளங்குகிறது. இந்தக் கதிர் மாவுக்குள் சில மில்லிமீற்றருக்கு மேல் போகாது. உள்ளே சூடு மெல்ல மெல்லக் கடத்தலால்தான் போகவேணும். எலிமென்றைக் கூட்டி வைத்தால் மேல்தோல் சிவந்துவிடும், நடுவில் மா பச்சையாக நிற்கும். மெல்லிய பொருளுக்கு இந்த வேகம் நல்லது. உயரமான அச்சுப் பாணுக்குப் பொறுமை தேவை. போறணையில் சூடு தானாகவே மெல்ல இறங்கும். அந்த இறக்கத்துக்கு ஏற்ற மாதிரி முதலில் பாண், பிறகு பணிஸ், கடைசியில் கேக் என்று வைப்பார்கள். புதுப் பெட்டியில் மேல்சூடு, கீழ்சூடு இரண்டையும் தனித்தனியாகத் திருகலாம். திருகத் தெரிந்தவருக்கு அதிலும் நல்ல பாண் வரும். "மாதிரி வராது" என்பது பெரும்பாலும் பெட்டியின் குற்றமில்லை, பழக்கத்தின் குறை.

அப்படியென்றால் கதை முடிஞ்சுது, புதுசுதான் நல்லது என்று விட்டுவிடலாமா? வன்னியின் வரலாறு அப்படி விடச் சம்மதிக்கவில்லை.

1990இல் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியபின் வடக்குக்குத் தேசிய மின்சாரம் அறுந்தது. மண்ணெண்ணெய், டீசல், பற்றரி, சீமெந்து எல்லாவற்றுக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்து, அதில் பெருந்தொகை வன்னிக்கு வந்தது. அத்தனை வயிற்றுக்கும் மாவே தட்டுப்பாடு. ஆனால் வந்த மாவைப் பாணாக்குவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. செங்கல், களிமண், காட்டு விறகு. ஒரு பட்டியலாலும் தடுக்க முடியாத அடுப்பு அது. ஒரு சுவிட்சை நம்பி இருந்திருந்தால் அந்த அடுப்பும் 1990இலேயே ஆறியிருக்கும்.

இதைச் சொல்லிவிட்டுப் போறணையைக் கும்பிடச் சொல்லவில்லை. அந்தச் சுதந்திரத்துக்கு உடம்பால் விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். நடுச்சாமம் எழும்பி, போறணை வாயில் முகத்தைக் கொடுத்து, கண்ணெரிய புகை குடித்து வேலை செய்தவர்களின் கூலியை எந்தப் பாண் விலையிலும் நாங்கள் காணவில்லை. காடும் விலை கொடுத்தது. இன்னொன்று, போறணையைத் தூக்கிக்கொண்டு ஓட ஏலாது. 1996இல் இராணுவம் கிளிநொச்சியைப் பிடித்தபோதும், 2009 ஜனவரி 2இல் மறுபடி பிடித்தபோதும் சனம் முன்னமே வெளிக்கிட்டிருந்தது. ரக்டரில் ஓடும் சீற்றும் ஏறின. போறணை ஏறவில்லை. கடைசி மாதங்களில் மிஞ்சியது பாண் இல்லை, கஞ்சி. ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் காய்ச்சிக் குடிக்கிற அதே கஞ்சி.

போருக்குப் பிறகு மின்சாரம் வந்தது. பெட்டிகளும் வந்தன. இனி பயமில்லை என்று நினைக்கத் தொடங்கியபோது 2022 வந்தது. காஸ் இல்லை, டீசல் இல்லை. மார்ச் 31 அன்று நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு. காஸ் தட்டுப்பாட்டால் ஏறத்தாழ ஆயிரம் பேக்கரிகள் மூடப்பட்டதாக அந்த மாதம் செய்தி வந்தது. இந்த முறை தடை போட்டவர் யாரும் இல்லை, டொலர் இல்லை என்பதுதான் காரணம். மாவுக்கு எல்லாரும் வரிசையில் நின்றார்கள். ஆனால் விறகுப் போறணை வைத்திருந்தவர் நெருப்புக்கு வரிசையில் நிற்கவில்லை.

நாங்கள் வந்து நின்ற கேள்வி இதுதான். பாணுக்குப் போய்ச் சேருகிற கதிர் செங்கல்லிலிருந்து வந்தாலும் கம்பியிலிருந்து வந்தாலும் ஒரே கதிர். மாறியிருப்பது அந்தக் கதிரின் சாவி யார் கையில் என்பது. முன்பு விறகு வெட்டுபவரிடமும் போறணைக்காரரிடமும் இருந்தது. இப்ப மின்சார சபையின் கம்பியிலும், வெளிநாட்டிலிருந்து வருகிற உதிரிப்பாகத்திலும், மாதக் கடைசி பில்லிலும் இருக்கிறது. புகையில்லாத வேலையிடம் தொழிலாளிக்கு வேணும், அதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. கூரையில் சூரியப் பலகை வைத்து எலிமென்றை ஓட்டுகிற பேக்கரி வன்னி வெயிலுக்குப் பொருந்தும். அப்படியொன்று வந்தால் சாவி பாதியாவது ஊருக்குத் திரும்பும். அதுவரைக்கும் பழைய போறணையை இடிக்க அவசரப்பட வேண்டாம் என்பதே எங்கட கருத்து.

உங்கட ஊரில் இன்னும் சூடேறுகிற போறணை இருந்தால் ஒரு விடியப்புறம் போய்ப் பாருங்கோ. கட்டினவர் யார், எந்த இடப்பெயர்வுக்குப் பிறகு திருத்தினவை, என்ன விறகு, பாண் எத்தனை நிமிசம் என்று கேட்டு எழுதி வையுங்கோ. போறணை கட்டத் தெரிந்த கைகள் எங்கட ஊர்களில் குறைஞ்சுகொண்டு போகுது. பாண் சுடச்சுடத் தருவினம், சம்பலை வீட்டிலிருந்து கொண்டுபோங்கோ.