நற்கருணை

கத்தோலிக்கக் கிறிஸ்தவர் திருப்பலி என்னும் வழிபாட்டில் வாங்கும் அப்பத்துக்கு நற்கருணை என்று பெயர். நல் + கருணை = நற்கருணை. கிரேக்கத்தில் இது 'யூக்கரிஸ்தியா', அதாவது நன்றி செலுத்துதல். பிரித்துப் பார்த்தால் 'யூ' நல்ல, 'காரிஸ்' அருள். தமிழ்ச்சொல்லில் நன்றி மறைந்து அருள் நிற்கிறது. குறையில்லை, வாங்குபவனுக்கு முதலில் தெரிவது அதுதானே.

காஞ்சிபுரத்து நண்பருக்கு இதை விளக்கும்போது பிரசாதத்தில்தான் தொடங்குவோம். வரதராஜப் பெருமாள் கோயிலில் மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் வெந்த இட்லி பெருமாளுக்குப் படைக்கப்பட்டுப் பிரசாதமாகிறது. ஆனாலும் அது இட்லிதான். கத்தோலிக்கர் நம்பிக்கை வேறு. திருப்பலியில் குருவானவர் இயேசுவின் கடைசி இரவுணவுச் சொற்களைச் சொன்னதும், புளிக்காத கோதுமை அப்பமும் திராட்சை இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகவே மாறுகின்றன. நிறம், சுவை, வடிவம் மட்டும் பழையபடி. வெறும் அடையாளம் என்று சொன்னால் கத்தோலிக்கர் ஒப்பமாட்டார்.

முந்தைய தலைமுறை இதை 'நன்மை வாங்குதல்' என்றது. பிள்ளைகள் முதன்முறை வாங்குவது இன்றும் 'புதுநன்மை'தான். எனக்கு அந்த வீட்டுச்சொல்லே பிடிக்கும். வாங்குமுன் ஒரு மணி நேரம் உண்ணாமல் இருக்க வேண்டும். குரு 'கிறிஸ்துவின் உடல்' என்பார், பதில் 'ஆமென்'.

பிரசாதம்போல் எல்லோருக்கும் தருவதில்லை. கத்தோலிக்கர் அல்லாதவரானால், கத்தோலிக்க நண்பர் வீட்டுத் திருமணத் திருப்பலிக்குப் போகும்போது நற்கருணை வாங்கும் வரிசையில் சேராமல் இருக்கையிலேயே இருங்கள். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.