கணக்குக் கேட்கும் மக்களாட்சி

2024-ஆம் ஆண்டில் உலகின் 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் தேசிய அளவிலான தேர்தல்கள் நடைபெற்றன. வாக்குரிமை இத்தனை பரவலாக இருந்த காலம் வரலாற்றில் வேறில்லை. ஆனால், விரலில் மை வைத்த நாளுக்கும் அடுத்த தேர்தலுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் குடிமக்களுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்ற வினா எல்லா நாடுகளிலும் எழுந்தவண்ணம் உள்ளது.

மக்களாட்சிக்கு இரண்டு தூண்கள் உண்டு. எல்லோரையும் உள்ளடக்குதல் ஒன்று. ஆட்சி செய்வோரைப் பதில் சொல்ல வைத்தல் மற்றொன்று. இவற்றுள் ஒன்று மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு.

முதலாம் பராந்தகச் சோழன் காலத்து (கி.பி. 919, 921) உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலை முறைக்காக நாம் பெருமையுடன் எடுத்துக்காட்டுகிறோம். வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வர இயலாது என்று அவை விதித்தன. இன்றைய தேர்தல் சட்டங்களிலும் காண அரிய கண்டிப்பு இது. எனினும், அங்கு உறுப்பினராக வரி செலுத்தும் நிலம், சொந்த மனை, வேதப் பயிற்சி ஆகியவை தேவைப்பட்டன. பெண்களுக்கும் உழைக்கும் மக்களுக்கும் அங்கு இடமில்லை. பொறுப்புக்கூறல் இருந்தது, உள்ளடக்கம் இல்லை. இன்றோ பெரும்பாலான நாடுகளில் நிலைமை நேர்மாறாக உள்ளது. எல்லோருக்கும் வாக்கு உண்டு. கணக்குக் கேட்கும் வாய்ப்புதான் அரிது.

இவ்விரண்டையும் இணைக்க நவீன காலத்தில் நடந்த முயற்சிகளுள், பொருளாதார மாணவன் என்ற முறையில் நான் முதன்மையாகக் கருதுவது பிரேஸில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரத்தின் அனுபவம். 1964 முதல் 1985 வரை ராணுவ ஆட்சியில் இருந்த அந்நாடு, 1988-இல் புதிய அரசமைப்புச் சட்டத்தை ஏற்றது. அடுத்த ஆண்டே அந்நகரின் மேயராகப் பொறுப்பேற்ற தொழிலாளர் கட்சியின் ஒலிவியோ துத்ரா, நகராட்சியின் முதலீட்டுச் செலவுகளை மக்களே கூடி முடிவு செய்யும் 'பங்கேற்பு நிதிநிலை அறிக்கை' முறையைத் தொடங்கினார்.

தொடக்கம் நம்பிக்கை தருவதாக இல்லை. நகராட்சி வருவாயின் பெரும்பகுதி ஊதியத்துக்கே போய்விட்டது. மக்கள் கேட்டவற்றை நிறைவேற்றப் பணமில்லாததால் கூட்டங்களுக்கு வருவோர் குறைந்தனர். அதன் பிறகு சொத்து வரி சீரமைக்கப்பட்டது, வருவாய் உயர்ந்தது, கேட்ட பணிகள் கண்ணெதிரே நடந்தன. மக்கள் மீண்டும் வந்தனர். பங்கேற்பு என்பது வெறும் பேச்சுரிமை அன்று, பேசியது நடக்கும் என்ற உறுதி என்பதே இதன் முதல் பாடம்.

நகரம் 16 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஒவ்வொரு வட்டாரத்திலும் பொதுக்கூட்டம் நடக்கும். முந்தைய ஆண்டு ஒப்புக்கொண்ட பணிகளில் முடிந்தவை எவை, முடியாதவை எவை என்று நிர்வாகம் முதலில் கணக்குச் சொல்ல வேண்டும். அதன் பின்னரே புதிய ஆண்டுக்கான முன்னுரிமைகள் வாக்கெடுப்பால் முடிவாகும். நிதியைப் பங்கிட மக்கள்தொகை, அடிப்படை வசதிகளின் பற்றாக்குறை, வட்டாரம் வகுத்த முன்னுரிமை ஆகியவற்றைக் கொண்டு ஒரு சூத்திரம் வகுக்கப்பட்டது. வசதி குறைந்த வட்டாரத்துக்குக் கூடுதல் மதிப்பெண். சமூக நீதியை ஒரு தலைவரின் கருணைக்கு விடாமல் கணக்கின் விதியாகவே ஆக்கியது அந்தச் சூத்திரம்.

பலன் கண்கூடு. 1988-இல் 75 சதவீத வீடுகளுக்கு இருந்த குடிநீர், கழிவுநீர் இணைப்புகள், 1997-இல் 98 சதவீதத்தை எட்டின. கூட்டங்களுக்கு வந்தோரில் ஏழைகளும் பெண்களும் கணிசமாக இருந்தனர். இம்முறையைப் பின்பற்றிய பிரேஸில் நகராட்சிகள் சுகாதாரத்துக்கும் துப்புரவுக்கும் அதிகம் செலவிட்டதாகவும், அங்கு சிசு மரணம் குறைந்ததாகவும் பின்னர் வந்த ஆய்வு காட்டியது. நியூயார்க்கும் பாரிஸும்கூட நிதியின் ஒரு பகுதிக்கு இம்முறையைக் கைக்கொண்டன.

ஆனால், போர்ட்டோ அலெக்ரேயின் பிற்காலக் கதை ஓர் எச்சரிக்கை. 2004 தேர்தலில் ஆட்சி மாறியது. கூட்டங்கள் தொடர்ந்தாலும், ஒப்புக்கொண்ட பணிகள் தேங்கின. மக்களின் ஆர்வம் வடிந்தது. 2017-இல் அந்த நடைமுறையே நிறுத்திவைக்கப்பட்டது. ஆட்சியாளரின் விருப்பத்தால் வந்தது, ஆட்சியாளரின் விருப்பமின்மையால் போனது.

இந்த இடத்தில் இந்தியா வேறொரு வழியைக் காட்டியது. ராஜஸ்தானில் அருணா ராய் உள்ளிட்டோர் 1990-இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், 1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் முதல் பொது விசாரணையை நடத்தியது. அரசுப் பணிகளின் வருகைப் பதிவேடு ஊர் நடுவே உரக்கப் படிக்கப்பட்டது. வேலை செய்யாதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததை மக்களே எழுந்து சொன்னார்கள். கூலித் தொழிலாளர்கள் எழுப்பிய அந்தக் குரல் 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாயிற்று. அதே ஆண்டின் வேலை உறுதிச் சட்டம், 17-ஆவது பிரிவின் வழியாகச் சமூகத் தணிக்கையைக் கிராம சபையிடம் ஒப்படைத்தது. அங்கு ஒரு மேயரின் அறிவிப்பாக இருந்தது, இங்கு சட்டத்தின் உறுதியாக மாறியது.

சட்டம் இருந்தால் மட்டும் போதுமா? தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட்டப்பட வேண்டும் என்பது விதி. பணி ஓய்வுக்குப் பின் அத்தகைய கூட்டங்கள் சிலவற்றில் நான் அமர்ந்திருக்கிறேன். வரவு-செலவு விரைவாகப் படிக்கப்படுகிறது; தீர்மானப் புத்தகம் கையொப்பத்துக்காகச் சுற்றி வருகிறது. முந்தைய கூட்டத்தின் தீர்மானங்கள் என்னவாயின என்று சொல்வாரும் இல்லை, கேட்பாரும் குறைவு. 'சொல்லி என்ன ஆகப்போகிறது' என்று மக்கள் எழுந்து போகும்போது குற்றம் அவர்களுடையது அன்று.

இதைச் சரிசெய்யப் பெருஞ்செலவு தேவையில்லை. முந்தைய தீர்மானங்களின் நிலையே ஒவ்வொரு கிராம சபையின் முதல் பொருளாக இருக்க வேண்டும். வரவு-செலவு விவரம் ஒரு வாரம் முன்னதாக, எளிய தமிழில், ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒட்டப்பட வேண்டும். ஊராட்சியின் தன்விருப்ப நிதியில் ஒரு பங்கைச் சபையின் வாக்கெடுப்புக்கு விட வேண்டும். கூலி வேலைக்குச் செல்வோரும் பெண்களும் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் நடக்க வேண்டும். நகரங்களின் பகுதி சபைகளுக்கும் இவை பொருந்தும்.

கணக்குக் காட்டாதவரைப் பதவிக்கு வரவிடாத விதியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டினார்கள். அன்று அந்தக் கணக்கைக் கேட்கும் தகுதி சிலருக்கு மட்டுமே இருந்தது. இன்று அது அனைவருக்கும் உண்டு. அதைப் பயன்படுத்தும் பழக்கத்தை வளர்ப்பதே மக்களாட்சியை வலுப்படுத்தும் வழி.