எல்லா மூக்கு ரத்தமும் சூட்டால் வருவதல்ல

மே மாதம் வந்தால் போதும், நாக்பூரில் இருக்கும் நம்ம ஊர்க்காரர்கள் வீட்டிலிருந்து எனக்கு போன் வரும். "டாக்டர் தம்பி, பையனுக்கு மூக்குல ரத்தம் வருது. சூடுதானே?"

பெரும்பாலும் காய்ந்த காற்றும் நோண்டும் விரலும்தான் காரணம். ஆனால் ஒருமுறை பதினான்கு வயதுப் பையன் ஒருவனை அழைத்து வந்தார்கள். ஐந்து மாதமாக இடது மூக்கு அடைப்பு, அதே பக்கம் அடிக்கடி ரத்தம். எண்ணெய்க் குளியல், மோர், இளநீர் எல்லாம் முடிந்திருந்தது. வேறொரு இடத்தில் எண்டோஸ்கோப்பியில் சதை தெரிகிறது, துண்டு எடுத்துப் பரிசோதிக்கலாம் என்றார்களாம். அம்மா பயந்து மறுத்திருக்கிறார். நல்லவேளை!

அது ஆஞ்சியோஃபைப்ரோமா. புற்றுநோய் அல்ல, ஆனால் ரத்தக்குழாய்கள் நிறைந்த கட்டி. அந்தக் குழாய்ச் சுவர்களில் தசை போதுமான அளவு இருக்காது. அதனால் வெட்டினால் சுருங்கி மூடிக்கொள்ளாது. ரத்தம் கொட்டும்.

இது வளரும் பருவத்தினருக்கு வருவதை 1847-லேயே ஜெர்மன் அறுவை மருத்துவர் செலியஸ் எழுதியிருக்கிறார். இன்றைய பெயரை 1940-இல் வைத்தவர் ஃப்ரீட்பெர்க். எக்ஸ்ரே வருவதற்கு முன் மருத்துவருக்கு இருந்தது சிறு கண்ணாடியும் விரலும்தான். தொட்டாலே ரத்தம் வரும் கட்டியை எப்படி அளப்பது?

1965-இல் ஹோல்மன், மில்லர் இருவரும் ஒரு தடயம் சொன்னார்கள். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கன்ன எலும்பறையின் பின்சுவர் முன்பக்கமாக வில் போல் வளைந்திருக்கும். கட்டி மெல்ல மெல்லத் தள்ளியதன் அடையாளம் அது. கத்தி வைக்காமலே நோயைச் சந்தேகிக்க முடிந்தது. 1971-இல் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. எடுத்தார்கள். பிறகு எம்.ஆர்.ஐ. வந்தது. கட்டி கண் பக்கமோ மூளை பக்கமோ போயிருக்கிறதா என்பதும் தெரிய ஆரம்பித்தது.

அந்தப் பையனின் சி.டி.யிலும் அதே வில்! ஆஞ்சியோகிராம் செய்து, கட்டிக்கு ரத்தம் கொடுக்கும் குழாயை அடைத்து, மறுநாள் அறுவை. இப்போது கல்லூரி போகிறான். அவன் அம்மா மோரை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை :-)

இது மிக அரிய நோய், பயப்பட வேண்டாம். பெண் குழந்தைகளுக்கு அநேகமாக வருவதே இல்லை. ஆனால் வளரும் பையனுக்கு ஒரே பக்கம் நீங்காத அடைப்பும், அதே பக்கம் திரும்பத் திரும்ப ரத்தமும் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். சதை இருக்கிறது என்றால், "முதலில் ஸ்கேன் எடுத்துவிடலாமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.