எந்த மொழியும் தெரியாத சர்வர்

பிரௌசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்த காலம் நினைவிருக்கிறதா? அன்றைய இணைய முகவரிகள் பலவற்றின் நடுவே 'சிஜிஐ-பின்' என்று ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அது ஏன் அங்கே இருந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு.

1990-ன் கடைசியில் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் வெப் சர்வரை ஓட விட்டார். அந்நாளைய சர்வருக்குப் பெரும்பாலும் ரெக்கார்டு ரூம் குமாஸ்தாவின் வேலைதான். கேட்ட ஃபைலை எடுத்துக் கொடுக்கும். ஆனால் ஜனங்கள் ஃபைலோடு நிற்பார்களா? தேடிச் சொல், கணக்குப் போட்டுச் சொல் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதற்கு ஒவ்வொரு சர்வரும் ஒவ்வொரு வழி வைத்திருந்தது. இங்கே எழுதிய புரோகிராம் அங்கே ஓடாது.

1993-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், என்.சி.எஸ்.ஏ. மையத்தில் சர்வர் எழுதிக்கொண்டிருந்த ராப் மெக்கூலும் இன்னும் சிலரும் மின்னஞ்சலிலேயே பேசி ஒரு பொது முறைக்கு வந்தார்கள். அதுதான் சி.ஜி.ஐ. கேட்டவர் யார், என்ன கேட்டார் என்ற விவரங்களை சர்வர் ஒரு சீட்டில் எழுதி, வெளியே இருக்கும் புரோகிராமிடம் நீட்டிவிடும். புரோகிராம் பதிலை எழுதித் தரும். சர்வர் அதை வாங்கி அனுப்பிவிடும், அவ்வளவுதான். அந்த புரோகிராம் எந்த மொழியில் எழுதப்பட்டது என்று சர்வர் கேட்பதே இல்லை. சி, பெர்ல், ஷெல் எதுவும் சரி. புது மொழி கண்டுபிடித்தவர் சர்வர் எழுதியவரிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். லாரி வால் 1987-ல் வெளியிட்ட பெர்ல், எழுத்துகளை வெட்டி ஒட்டுவதில் கெட்டி. அதனால் அதற்கு ராஜயோகம் அடித்தது.

கஷ்டமும் இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் புரோகிராமைப் புதிதாக எழுப்பி, பதில் வந்ததும் அனுப்பிவிட வேண்டும். கவுண்டருக்கு வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு குமாஸ்தாவை நியமித்து உடனே வீட்டுக்கு அனுப்புவது போல. கூட்டம் சேர்ந்தால் கம்ப்யூட்டர் திணறும். பாதுகாப்பு இன்னொரு தலைவலி. சர்வரோடு மாதிரிக்காகக் கொடுத்த 'பி.எச்.எஃப்' என்ற டெலிபோன் டைரக்டரி புரோகிராம், புதுவரிக் குறியை வடிகட்டத் தவறியது. அந்த ஓட்டை வழியாக யார் வேண்டுமானாலும் பாஸ்வேர்டு ஃபைலை வாசிக்க முடிந்தது. 1996-ல் அதற்கு எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று.

இதற்குள் மெக்கூல் 1994-ல் என்.சி.எஸ்.ஏ.வை விட்டுப் போய்விட, அவருடைய சர்வர் தேங்கி நின்றது. அதைப் பயன்படுத்திய எட்டுப் பேர் தங்கள் ஒட்டுப்போட்ட திருத்தங்களை 1995-ல் ஒன்று சேர்த்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் அப்பாச்சி. ராபர்ட் தா என்பவர் அதை மாட்யூல்களாகப் பிரித்து அமைத்தார். இனி ஒரு மொழியை மாட்யூலாகச் செய்து சர்வருக்குள்ளேயே குடிவைக்கலாம். 1996-ல் கிஸ்லே ஆஸ் பெர்லை அப்படி உள்ளே கொண்டுவந்தார். டக் மக்கீச்சர்ன் அதை வளர்த்தார்.

கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சொந்தப் பக்கத்துக்காக 1994-ல் எழுதிய சிறு சி.ஜி.ஐ. புரோகிராம்கள்தான் பி.எச்.பி.யாக வளர்ந்தன. அதுவும் பிறகு அப்பாச்சிக்குள் மாட்யூலாகக் குடியேறியது. மொழியழகில் பெர்லுக்கும் பி.எச்.பி.க்கும் பெரிய சண்டையே உண்டு. என் கணிப்பு, ஜெயித்தது அழகால் அல்ல. பெர்ல் மாட்யூல் சர்வரின் ஒவ்வொரு கட்டத்திலும் கைவைக்கக் கூடியது. ஒரே கம்ப்யூட்டரை நூறு பேருக்கு வாடகைக்கு விடுபவர், முன்பின் தெரியாத குடித்தனக்காரரிடம் அந்தச் சாவியைக் கொடுப்பாரா? பி.எச்.பி.யோ பக்கத்துக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது.

உள்ளே போன மொழிகள் மெல்ல மறுபடி வெளியே வந்ததுதான் வேடிக்கை. 1996-லேயே ஓப்பன் மார்க்கெட் நிறுவனம் ஃபாஸ்ட் சி.ஜி.ஐ. என்ற முறையைக் கொண்டுவந்தது. குமாஸ்தா வெளியேதான் இருப்பார், ஆனால் வீட்டுக்குப் போகாமல் அடுத்த சீட்டுக்குக் காத்திருப்பார். 2004-ல் ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் சர்வருக்குள் பி.எச்.பி. கிடையாது. வெளியே ஓடும் பி.எச்.பி.யிடம் இதே முறையில்தான் அது பேசுகிறது.

1993-ல் நாலு பேர் மின்னஞ்சலில் பேசி முடித்த அந்த சி.ஜி.ஐ. முறையும் அதே 2004-ல்தான், பதினொரு வருஷம் கழித்து, 3875 என்ற எண்ணிட்ட இணைய ஆவணமாக முறைப்படி எழுதி வைக்கப்பட்டது.