கடலடியில் சிவப்பைத் தேடி: ஒரு கைவிளக்கின் வரலாறு

கடலில் இறங்கியறியாத ஒருவன் கடலடி விளக்கைப் பற்றி எழுதுவது வேடிக்கையாகத் தோன்றலாம். இக்கட்டுரை எழுத நேர்ந்ததற்குக் காரணம் என் பழைய மாணவர் ஒருவர். தமிழ் முதுகலை படித்துவிட்டுப் புதுச்சேரியில் வேலை பார்க்கிறார். விடுமுறை நாள்களில் ஸ்கூபா முக்குளிப்புப் பழகியிருக்கிறார். அண்மையில் வீட்டுக்கு வந்தவர் கைபேசியைத் திறந்து, விற்பனைக்கு இருந்த ஏழெட்டு டார்ச் விளக்குகளின் படங்களைக் காட்டினார். “ஐயா, இதில் எதை வாங்கலாம்?” என்றார். “எனக்கு என்ன தெரியும்?” என்றேன். “உங்களுக்கு வரலாறு தெரியுமே” என்றார். பேச்சுக்காகச் சொன்னதுதான். ஆனால் அவர் சென்ற பிறகு அது மனத்தில் தங்கிவிட்டது. மனிதன் கடலுக்கடியில் விளக்கை ஏன் கொண்டுபோனான்? இக்கேள்விக்கு விடை தெரிந்தால் எந்த விளக்கு என்ற கேள்விக்கும் விடை கிடைக்கும் என்று தோன்றியது.

மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபங்களைப் பற்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புகளில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. நள்ளிரவையொட்டி எழும் நிலக்காற்றில் தோணிகள் புறப்படும். விடியும் வேளையில் முத்துப்பார்களை அடையும். பிற்பகலில் கடற்காற்று எழுந்ததும் கரை திரும்பும். இந்த ஒழுங்கு காற்றுக்காக மட்டும் ஏற்பட்டதன்று. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கியவர்களுக்குக் கதிரவனைத் தவிர வேறு விளக்கு இல்லை. அவர்கள் இறங்கிய ஆழம் பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாகம். அந்த ஆழத்தில் பகல்வெளிச்சம் கிடைக்கும். ஆனால் நிறங்கள் பாதி போய்விடும். சிப்பியை எடுப்பதற்கு வடிவம் போதும், நிறம் வேண்டியதில்லை. நூற்றாண்டுகளாக முத்துக்குளித்தும் கடலடி விளக்கு என்ற ஒன்று இங்கே தேவைப்படாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

நிறங்கள் ஏன் போகின்றன? இங்கே திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த ஒருவரை நினைவுகூர வேண்டும். 1921 செப்டம்பரில் இங்கிலாந்திலிருந்து ‘நர்குண்டா’ என்ற கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சி.வி. ராமன், நிக்கல் பட்டகம் ஒன்றைக் கண்ணருகே வைத்துக் கடலைப் பார்த்தார். நீர்ப்பரப்பில் பிரதிபலிக்கும் வான ஒளியை அப்பட்டகம் விலக்கிவிடும். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று அதற்கு முன் ராலே கருதியிருந்தார். பிரதிபலிப்பை விலக்கிய பிறகும் நீலம் போகவில்லை. முன்னிலும் அடர்ந்து தெரிந்தது. நீலம் நீருக்கே உரியது என்று ராமன் எழுதினார். நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம் என்பது அவர் விளக்கம். சிதறலோடு, சிவப்பு ஒளியை நீர் உட்கவர்ந்துகொள்வதும் முதன்மையான காரணம் என்பது இன்றைய அறிவு. தெளிந்த கடலில்கூட ஐந்து முதல் பத்து மீட்டருக்குள் சிவப்பு ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. அடுத்து ஆரஞ்சு, அதற்கடுத்து மஞ்சள். எஞ்சுவது நீலமும் பச்சையும்.

எனவே கடலடி விளக்குக்கு இரண்டு வேலைகள் உண்டு. இருட்டை நீக்குவது ஒன்று. நீர் களவாடிய நிறத்தை மீட்டுத் தருவது மற்றொன்று. விளக்கின் வரலாற்றில் இரண்டாவதுதான் சுவையான பகுதி.

பிரான்சின் பன்யூல்ஸ் கடற்கரையில் உயிரியலாளர் லூயி பூத்தான் 1893-இல் கடலடியில் ஒளிப்படம் எடுக்க முயன்றார். வெளிச்சம் போதவில்லை. உயிர்வளி நிரப்பிய பீப்பாயின்மேல் ஒரு சாராய விளக்கை ஏற்றி, அச்சுடரில் மக்னீசியப் பொடியை ஊதிப் பளிச்சிட வைத்தனர். நீருக்கடியில் நெருப்பைப் பீப்பாயோடு சுமந்து சென்ற காலம் அது. சில ஆண்டுகளில் அவரே மின்வில் விளக்குகளை நீருக்குள் இறக்கிப் படமெடுத்தார்.

நிறத்தை முதலில் பிடித்தவர்கள் அமெரிக்கர்கள். 1926-இல் புளோரிடாவின் டிரை டோர்ட்டுகாஸ் தீவுகளருகே வில்லியம் லாங்லியும் சார்லஸ் மார்ட்டினும் மிதவை ஒன்றில் மக்னீசியப் பொடியை வைத்து வெடிக்கச் செய்து, அந்த வெளிச்சத்தில் ஒரு மீனை வண்ணப்படமாக எடுத்தனர். அம்முயற்சிகளின்போது பொடி முன்னதாகவே வெடித்து லாங்லி தீக்காயமடைந்தார். ஒரு மீனின் உண்மை நிறத்தை அறிய மனிதர் கொடுத்த விலை அது.

1934-இல் பெர்முடாவுக்கு அப்பால் வில்லியம் பீபியும் ஓட்டிஸ் பார்ட்டனும் எஃகு உருண்டை ஒன்றில் 923 மீட்டர் ஆழம் வரை இறங்கினர். அவ்வுருண்டையின் சன்னலுக்குப் பின்னிருந்து ஒரு மின்விளக்கு வெளியே ஒளி வீசியது. 1943-இல் கூஸ்டோவும் காஞானும் உருவாக்கிய மூச்சுக் கருவி மனிதனை உருண்டையிலிருந்தும் குழாயிலிருந்தும் விடுவித்தது. கூஸ்டோவின் நூல் ஒன்றில், ஆழத்தில் ஈட்டி பாய்ந்த மீனிலிருந்து பச்சை நிறக் குருதி கசிந்ததைக் கண்ட அனுபவம் சொல்லப்படுகிறது. மேலே வர வர அது பழுப்பாகி, இளஞ்சிவப்பாகி, நீர்ப்பரப்பில் சிவப்பாயிற்று. குருதி மாறவில்லை, ஒளிதான் மாறியது. வலுவான மின்விளக்கை ஆழத்துக்குக் கொண்டுசென்றபோது, நீலமாகவே அறியப்பட்டிருந்த பாறைச்சுவர் சிவப்பும் ஆரஞ்சுமாக எரிந்தது.

இந்த வரலாற்றை மாணவரிடம் தொலைபேசியில் சொன்னேன். “அப்படியானால் மிகுந்த வெளிச்சம் தரும் விளக்கே சிறந்தது, இல்லையா ஐயா? பத்தாயிரம் லுமென் என்று போட்டிருக்கிறான்” என்றார். அங்கேதான் எனக்கு ஐயம் தோன்றியது.

லுமென் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் ஒளியின் மொத்த அளவு. அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதை அவ்வெண் சொல்லாது. நீரில் மிதக்கும் துகள்கள் ஒளியைத் திருப்பி நம் கண்ணுக்கே எறியும். கலங்கிய நீரில் அகன்று பரவும் கற்றை, மூடுபனியில் காரின் உயர்விளக்கைப் போட்டதுபோல் வெள்ளைச் சுவரை எழுப்பும். ஆறுகள் கலக்கும் நம் கீழைக்கரைக் கடலுக்குக் குறுகிய கற்றையே பொருந்தும்; படம் எடுப்பவர்க்கு மட்டும் அகன்ற கற்றை. இன்னொன்று: மூன்று மீட்டருக்கு அப்பாலுள்ள பவளத்தில் விளக்கடித்தால் ஒளி போகவும் வரவும் ஆறு மீட்டர் நீரைக் கடக்கிறது, அதற்குள் சிவப்பின் பெரும்பகுதி கரைந்துபோகும். எத்தனை லுமென் இருந்தாலும் நிறம் காண அருகில்தான் போக வேண்டும்.

மேலும் ஒரு முரண் உண்டு. அகாசாகி, அமானோ, நாகமுரா மூவரும் உருவாக்கி 2014-இல் நோபல் பரிசு பெற்ற நீல எல்இடியே இன்றைய வெள்ளை விளக்குகளின் தாய். நீல ஒளியின்மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சைத் தடவி வெண்மையாக்குகிறார்கள். மலிவான எல்இடிகளில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. நீர் பறித்த சிவப்பை மீட்கக் கொண்டுபோகும் விளக்கிலேயே சிவப்பு இல்லையென்றால் என்ன பயன்? பழைய ஹாலஜன் விளக்குகள் மங்கலாயினும் சிவப்பில் வறியவை அல்ல. ஆகவே நிறத்தை உண்மையாகக் காட்டும் திறனுக்கான எண் பெட்டியில் தரப்பட்டிருந்தால் லுமெனுக்கு முன்னால் அதைப் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் சொல்லி முடித்ததும் மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அவர் சொன்னார்: “ஐயா, ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். போன மாதம் இரவு முக்குளிப்பில் பன்னிரண்டு மீட்டரில் என் விளக்கு அணைந்துவிட்டது. உள்ளே நீர் புகுந்துவிட்டது. என் கையே எனக்குத் தெரியவில்லை. மேல் எது, கீழ் எது என்றும் தெரியவில்லை. துணைக்கு வந்தவர் திரும்பிப் பார்த்து விளக்கடிக்கும்வரை அசையாமல் இருந்தேன். அதனால்தான் பெரிய விளக்காக வாங்கலாம் என்று…”

அவர் என்னிடம் கேட்ட கேள்வி வேறு, அவருக்குள் இருந்த கேள்வி வேறு என்பது அப்போதுதான் புரிந்தது. அதற்கும் வரலாற்றில் விடை உண்டு. புளோரிடாவின் நீர்நிறைந்த குகைகளில் முக்குளித்தவர்கள் பலர் இறந்தனர். ஷெக் எக்ஸ்லி என்பவர் அம்மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1979-இல் ஒரு சிறு நூல் எழுதினார். வெளிவாயில் வரை அறுபடாத கயிறு, காற்றில் மூன்றிலொரு பங்கைத் திரும்புவதற்கும் மற்றொரு பங்கை ஆபத்துக்கும் ஒதுக்குதல், ஆழத்துக்கு எல்லை என்பவை அவர் கண்ட விதிகள். பின்னர் அவற்றுடன் முறையான பயிற்சியும், ஆளுக்குக் குறைந்தது மூன்று விளக்குகளும் சேர்ந்தன. ஒரு பெரிய விளக்கு என்று அவ்விதி சொல்லவில்லை, மூன்று என்றது. எந்த விளக்கும் அணையும் என்பதை ஏற்றுக்கொண்டவர்கள் எழுதிய விதி அது. திறந்த கடலின் இரவு முக்குளிப்புக்கு முதன்மை விளக்கு ஒன்று, துணை விளக்கு ஒன்று என்பதே பயிற்சியாளர்கள் பொதுவாகச் சொல்வது.

விளக்கு அணைந்ததற்குக் காரணம் என்ன என்று கேட்டேன். மூடியின் ஓ-வளையத்தில் ஒரு முடி ஒட்டியிருந்ததாம். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்துக்கு ஒரு முடியின் இடைவெளி போதும். வளையத்தைத் துடைத்து, சிலிகான் பசையை மெல்லியதாகத் தடவி, நகத்தால் தடவிப் பார்த்து மூடுவது எந்த விலையுயர்ந்த விளக்கும் தானே செய்துகொள்ளாத வேலை. நீர் புகுந்த லித்தியம் விளக்கினுள் வாயு அடைபட்டிருக்கலாம். முகத்துக்கு நேரே வைத்துத் திறக்கக் கூடாது. கரையில் வெகுநேரம் எரியவிட்டால் பல விளக்குகள் சூடேறிக் கெடும். கடல்நீரே அவற்றைக் குளிர்விக்கிறது. கையுறை அணிந்த விரலாலும் இயக்கக்கூடிய பொத்தானும், மணிக்கட்டில் மாட்டும் கயிறும் வேண்டும். இவை அவர் எனக்குச் சொன்னவையும் நான் படித்தவையும் கலந்தவை.

சென்ற வாரம் மறுபடி பேசினார். பத்தாயிரம் லுமென் விளக்கை வாங்கவில்லை. அந்தத் தொகைக்குள் நடுத்தரமான குறுங்கற்றை விளக்கு ஒன்றும், மார்புப்பட்டையில் செருகிக்கொள்ளச் சிறிய விளக்கு ஒன்றும் வாங்கியிருக்கிறார். மீண்டும் இரவில் இறங்கினாராம். ஒரு பாறையிடுக்கில் கருநீலமாகத் தெரிந்த ஏதோ ஒன்றன் அருகே, ஒரு முழ தூரத்தில், விளக்கைப் பிடித்திருக்கிறார்.

“குங்குமச் சிவப்பு ஐயா” என்றார். “இத்தனை நாள் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன்.”