பல்கலைக்கழக அனுமதியும் மலைநாட்டு மாணவரும்

பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள சிற்றூர் கொஸ்லந்த. அதனைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. அத்தோட்டங்களுள் ஒன்றின் லயத்தில் பிறந்த மாணவி ஒருத்தியும், பதுளை நகரத்து மாணவன் ஒருவனும், தமிழ்மொழியில் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதுகின்றனர் எனக் கொள்வோம். மாணவன் பெற்ற புள்ளி கூடியது. மாணவி பெற்ற புள்ளி குறைந்தது. இவ்வேறுபாடு எதனை அளக்கின்றது? அறிவாற்றலையா, அன்றி அவ்விருவரும் நடந்து வந்த பாதையையா?

இவ்வினா இலங்கைக்குப் புதியதன்று. 1942 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய காலத்தில், பரீட்சைப் புள்ளியே அனுமதிக்கு அளவுகோலாயிருந்தது. 1971 ஆம் ஆண்டு அனுமதியின்போது அம்முறை மாறிற்று. பேராதனையில் பொறியியல் பயிலத் தமிழ்மொழி மாணவர் 250 புள்ளிகளும், சிங்களமொழி மாணவர் 227 புள்ளிகளும் பெற வேண்டுமென்றாயிற்று. அதனைத் தொடர்ந்து, மொழிவாரியாகப் புள்ளிகளை ஒரே அளவைக்குக் கொணரும் தரப்படுத்தல் வந்தது. 1974 ஆம் ஆண்டில் மாவட்ட ஒதுக்கீடும் அதனோடு சேர்ந்தது. யாழ்ப்பாணத்து இளைஞர் உள்ளத்தில் இவை ஏற்படுத்திய காயத்தை நாடறியும். ஆயினும் மலைநாட்டில் நிகழ்ந்ததை அறிந்தோர் சிலரே.

மாவட்ட ஒதுக்கீடு மக்கள்தொகைக்கு ஏற்ப வகுக்கப்பட்டது. நுவரெலியா, பதுளை ஆகிய மாவட்டங்களின் தொகையில் தோட்டத் தொழிலாளரும் அடங்குவர். ஆனால், 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் விளைவாக அவருட் பெரும்பாலோர் நாடற்றவராய் இருந்தனர். 1945 ஆம் ஆண்டில் இலவசக் கல்வி மலர்ந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் பல ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு என்ற எல்லையைத் தாண்டவில்லை. எழுபதுகளின் பிற்பகுதியிலேயே அவை பெரிதும் அரசின் பொறுப்பில் வந்தன. ஆகவே, தோட்டத்து மக்களின் தலைகளை எண்ணி மாவட்டத்துக்கு இடங்கள் கிடைத்தன. அவ்விடங்களில் அமரத் தோட்டத்துப் பிள்ளைகள் அநேகமாக இல்லை. கணக்கெடுப்பில் இருந்தவர் வகுப்பறையில் இல்லாது போயினர்.

பின்னர் முறைகள் பல மாறின. எழுபதுகளின் முடிவில் திறமைக்கு 30, மாவட்டத்துக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 15 என நூற்றுவீதங்கள் வகுக்கப்பட்டன. பிற்காலத்தில் அவை 40, 55, 5 என்றாயின. பின்தங்கியவற்றின் பட்டியலில் பதுளையும் இடம்பெற்றது. 2001 ஆம் ஆண்டில் இசட் புள்ளி முறை புகுந்தது. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அனைவரின் சராசரியைக் கழித்து, எஞ்சியதை நியம விலகலால் வகுத்தால் வருவதே இசட் புள்ளி. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளைக் கூட்டிச் சராசரி காண்பர். ஒரு பாடத்தின் வினாத்தாள் கடினமாகவும், மற்றொன்று எளிதாகவும் அமைவதால் நேரும் அநீதியை இது குறைக்கின்றது.

எனினும் அளவுகோலுக்கும் எல்லை உண்டு. 2011 ஆம் ஆண்டுப் பரீட்சையைப் பழைய பாடத்திட்டத்தாரும் புதிய பாடத்திட்டத்தாரும் எழுத, இருசாராரையும் ஒன்றாக்கிக் கணித்த புள்ளிகளை 2012 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் செல்லாதனவாக்கியது. யாரை யாரோடு சேர்த்து எண்ணுகிறோம் என்பதிலேயே ஒப்பீட்டின் நியாயம் தங்கியிருக்கின்றது என்பதற்கு இது தக்க சான்று.

அதே உண்மை மாவட்டத்துக்கும் பொருந்தும். இசட் புள்ளி, மாணவர் ஏனையோர் நடுவே எங்கு நிற்கிறார் எனக் கூறும். எங்கிருந்து புறப்பட்டார் எனக் கூறாது. மாவட்ட வெட்டுப்புள்ளியோ கொஸ்லந்த மாணவியையும் பதுளை நகர மாணவனையும் ஒரே வரிசையில் நிறுத்துகின்றது. உயர்தர விஞ்ஞான வகுப்புள்ள பாடசாலை ஒருவருக்கு வீட்டருகே இருக்கலாம். மற்றவருக்குப் பஸ் ஏறிச் செல்லும் தொலைவில் இருக்கலாம். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டபோது, உயிர்தப்பியோருக்குப் பாடசாலைகளே புகலிடமாயின. அத்தகைய ஆண்டொன்றில் படித்த பிள்ளையின் புள்ளியை வெறும் எண்ணாகக் கொள்ளல் தகுமோ?

இதனால் பரீட்சை பொய்யென்றோ, ஒதுக்கீடு வேண்டாமென்றோ கொள்ளலாகாது. பரீட்சை இல்லையேல் செல்வாக்கே வெல்லும்; ஒதுக்கீடு இல்லையேல் வசதியே வெல்லும். ஆனால் மாவட்டத்தின் சராசரி அதனுள் வாழும் அனைவரின் நிலையுமன்று. பதுளை முன்னேறியது எனக் கணக்குக் காட்டும் நாளிலும், தோட்டத்துப் பாடசாலையில் இரசாயனவியல் ஆசிரியர் உண்டா என்று தனியே கேட்டறிதல் வேண்டும். பல்கலைக்கழக வாசலில் புள்ளியைத் திருத்துவதைக் காட்டிலும், மலைச்சரிவில் வகுப்பறையைத் திருத்துவதே நிலைத்த பயன் தருவதாகும்.