கோவாக் கழிமுகங்களும் சுரங்கக் கழிவும்

மட்டக்களப்பு வாவியை அண்டி வாழும் நமக்கு மட்டி புதிய பொருளன்று. அடிச்சேற்றிற் புதைந்து வாழும் அச்சிற்றுயிர் ஏழையின் உணவு. நீரின் நலத்தைக் காட்டுவதும் அதுவே. இந்தியாவின் மேற்குக் கரையிலுள்ள கோவாவில் அதற்கு நேர்ந்த கேட்டினை ஈண்டு ஆராய்வாம்.

கோவா 1961 டிசெம்பர் வரை போர்த்துக்கேயர் ஆட்சியில் இருந்தது. 1950களில் யப்பானிய உருக்காலைகளை நோக்கி அங்கிருந்து இரும்புத் தாது பெருமளவிற் செல்லலாயிற்று. மாண்டவி, சுவாரி எனும் இரு நதிகளின் வழியே பாரப்படகுகள் அதனை மர்மகோவாத் துறைமுகத்திற் சேர்த்தன. 2010-11இல் கோவாவின் தாது ஏற்றுமதி ஐந்து கோடித் தொன்னைக் கடந்தது. ஒரு தொன் தாதுக்கு இரண்டு முதல் மூன்று தொன் வரையிற் கழிவுமண் அகழப்பட்டமை கருதற்பாலது.

குன்றுச் சரிவுகளிற் குவிந்த அம்மண்ணைத் தென்மேற்குப் பருவமழை ஆற்றிற் சேர்த்தது. நன்னீரில் மிதந்துவரும் நுண்துகள்கள் உப்புநீரோடு கலந்ததும் திரண்டு அடியிற் படியும் இயல்பின. ஆதலின், கழிமுகமே கழிவின் தங்குமிடமாயிற்று. நீரை வடித்துண்ணும் மட்டியின் செவுள்கள் அடைபட்டன. அடித்தளம் மூடுண்டமையால் அதன் இளங்குஞ்சுகள் நிலைகொள்ள இடமின்றிப் போயிற்று. நீரில் ஒட்சிசனும் குறைந்தது.

இவ்வழிவு வெளிப்பட்டது எங்ஙனம்? 1966இல் நிறுவப்பட்ட தேசிய கடலாய்வு நிறுவனம் கோவாவிலேயே அமைந்தது. அதன் அறிஞர் பருலேக்கர், துவிவேதி என்போர் மாண்டவிக் கழிமுகத்தின் அடிவாழ் உயிர்களை ஆராய்ந்து 1974இல் வெளியிட்டனர். பின்னர் 1986இல் பருலேக்கர், அன்சாரி, இங்கோலே ஆகியோர் மட்டி விளைவு எழுபது வீதத்திற்கு மேற் குறைந்ததென்றும், நிலையாக வாழ்ந்த உயிரினங்கள் அருகி, மாசினைத் தாங்கவல்ல சிலவே எஞ்சினவென்றும் எடுத்துரைத்தனர்.

2012 ஒக்ரோபரில் இந்திய உயர் நீதிமன்றம் கோவாவிற் சுரங்கத் தொழிலை நிறுத்தியது. 2014இல் ஆண்டுக்கு இரண்டு கோடித் தொன் எனும் வரம்புடன் அனுமதித்தது. 2018இல் 88 குத்தகைகளின் புதுப்பிப்பை நீக்கியது. அதனாற் பிழைப்பிழந்த தொழிலாளரின் துயரும் மறக்கற்பாலதன்று. எனினும், அவர்தம் இழப்பு உடனே யாவர்க்கும் புலனாயிற்று. மட்டி எடுத்து வாழ்ந்தோரின் இழப்போ எந்த ஏற்றுமதிக் கணக்கிலும் ஏறவில்லை. சேற்றை அள்ளி உயிர்களை எண்ணியோர் இருந்தமையாலன்றோ அதற்குச் சான்று கிடைத்தது?

முன்னிருந்த நிலை எழுதிவைக்கப்படாவிடின், பின்வந்த கேட்டினை நிறுவுதல் அரிது. நம் வாவியின் நீரையும் மட்டியையும் ஆண்டுதோறும் அளந்து குறித்துவைக்கும் பணியை, நம் மாணவர் இன்றே தொடங்குவாராக.